இரவு 2 மணிக்கு அலாரம், காலை 5 மணிக்கு ஓட்டம்: இரண்டையும் சேர்த்து நடத்துவது எப்படி?

கேள்வி: கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். எனக்கு 38 வயது. இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட ஆசை. 8 வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய், எடை 25 கிலோ, கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் உண்டு. ராத்திரி நான்தான் எழுந்து பார்க்கிறேன். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. மாமியார் கூட இருக்கிறார், ஊசி என்றால் அவருக்குப் பயம். இது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். ஆனால் முதல் மூன்று வாரம் பயிற்சி தர வேண்டியது உங்கள் மாமியாருக்கு.

அவர் இன்சுலின் போட வேண்டியதில்லை. விரல் நுனியில் குத்தி மீட்டரில் பார்ப்பது, லோ ஆனால், அதாவது சர்க்கரை மிகவும் இறங்கினால், குளுக்கோஸ் கொடுப்பது, போன் செய்வது, இந்த மூன்றும் போதும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 25 கிலோ பிள்ளைக்குச் சுமார் 8 முதல் 10 கிராம் குளுக்கோஸ், அதாவது மட்டமாக இரண்டு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. அவர் கையால் எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பிள்ளை மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. கேரளா, தமிழ்நாடு இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். எல்லையோரத்தில் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம் என்பதால், ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் முதலிலேயே சொல்லப் பழக்குங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே நாலைந்து முறை அவரே முழுவதும் செய்யட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

சென்சாரைப் பற்றி அவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சென்சார் எண் நிஜத்துக்குச் சில நிமிடம் பின்தங்கும். பிள்ளை சென்சார் கையை அழுத்திப் படுத்திருந்தால் பொய்யாக லோ காட்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் முடிவு.

இனி ஓட்டம். ஜனவரி முதல் வாரத்திலிருந்து 20 வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரும். வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும்: ஒரு லாங் ரன் (வாரத்தின் மிக நீளமான ஓட்டம்), கொஞ்சம் வேகம் கலந்து 8 முதல் 10 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் நிதானத்தில் ஒரு 6 முதல் 8. லாங் ரன் 16-ல் ஆரம்பித்து வாரம் 2 ஏற்றி, நான்காம் வாரம் குறைத்து, டிசம்பர் நடுவில் 30 தொட்டால் போதும். லாங் ரன் ஞாயிறுதான் என்று கட்டாயமில்லை. கணவரின் ஆஃப் நாளில் வையுங்கள். அன்றிரவு அலாரமும் அவருடையது, ஏனென்றால் 25 கிலோமீட்டர் ஓடிய உடம்பு அலாரம் கேட்காமல் தூங்கிவிடும். இந்தத் திட்டம் முழுவதிலும் எங்களுக்கு அதிகம் கவலை தருவது அந்த ஒரு இரவுதான்.

அட்டவணையைக் காலண்டர் தீர்மானிக்க வேண்டாம், முந்தைய இரவு தீர்மானிக்கட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தால் திட்டப்படி ஓடுங்கள். நாலரை முதல் ஆறு என்றால் பாதித் தூரம், நிதானமாக. அதற்கும் கீழே என்றால் தூங்குங்கள். பிள்ளை மாலையில் நன்றாக ஓடியாடி விளையாடிய நாளில், பல மணி நேரம் கழித்து நள்ளிரவிலும் சர்க்கரை இறங்கலாம். ஆகவே விளையாட்டு பீரியட் உள்ள நாளுக்கு மறுநாள் லாங் ரன் வைக்காதீர்கள்.

கிளம்புமுன் பிள்ளையின் சர்க்கரையை ஒரு முறை பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தாலோ சென்சாரின் அம்பு கீழ்நோக்கிக் காட்டினாலோ, சரிசெய்து, நிலைத்த பிறகுதான் செருப்பை மாட்ட வேண்டும். கரெக்‌ஷன் டோஸ் (ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் இன்சுலின்) போட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் வீட்டை விட்டுப் போகாதீர்கள். வேக இன்சுலின் அப்போதுதான் முழு வீச்சில் வேலை செய்துகொண்டிருக்கும்.

பாதைக்குப் பொள்ளாச்சி ரோடு வேண்டாம். இருட்டில் லாரிகள் ஓரம் விடுவதில்லை. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கும் 3 கிலோமீட்டர் சுற்று ஒன்றைப் பிடியுங்கள். பத்துச் சுற்று சலிப்புதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டுவீர்கள், தண்ணீர் பாட்டிலும் அங்கேயே இருக்கும். போன் சிக்னல் விட்டுப்போகும் இடம் எது என்று முன்கூட்டியே நடந்து பார்த்துவிடுங்கள். கார்த்திகையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழ்க்காற்று பலமாக வீசும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் சுற்றுக்கு இரண்டு மடக்கு குடியுங்கள். 75 நிமிடம் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். அதற்குப் பேரீச்சையோ வேறு குளுக்கோஸ் பாக்கெட்டோ தனியாக வாங்குங்கள். பிள்ளையின் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன்கூட எடுக்கக்கூடாது.

காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை படுத்துவிட்டால் ஓட்டம் நிற்கும். அந்த நாட்களில் சாப்பிடவில்லை என்று இன்சுலினை நிறுத்தக்கூடாது, 250-க்கு மேல் போனால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும், டாக்டரிடம் பேச வேண்டும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு வாரம் என்றால் லாங் ரன்னைக் கால் பங்கு குறையுங்கள். கடைசி எட்டு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டால் அரை மாரத்தானுக்கு மாறிவிடுங்கள், முடிந்தால். விட்டதைச் சனி ஞாயிறு அடுத்தடுத்து ஓடி ஈடுகட்டுவதில்தான் முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன.

போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். புது இடம், நேரம் தப்பிய சாப்பாடு, உற்சாகம் எல்லாம் சேர்ந்து சர்க்கரையைக் கலைக்கும். கணவர் அந்த இரண்டு நாளும் லீவு போட வேண்டும், அதை இப்போதே கேட்டு வையுங்கள். போன் இடுப்புப் பையில் இருக்கட்டும். சாதாரணச் செய்தி வேண்டாம், அடுத்தடுத்து இரண்டு அழைப்பு வந்தால் மட்டும் நின்று எடுப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். எண் அட்டையின் பின்பக்கம் அவசரத் தொடர்பாக உங்களோடு சென்னைக்கு வருபவரின் எண்ணை எழுதுங்கள், கணவருடையதை வேண்டாம். அவர் 500 கிலோமீட்டர் தள்ளி, பிள்ளையோடு இருப்பார்.