சாம்பாரில் பெருங்காயம் ஏன் மணக்கவில்லை?

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மா வைக்கும் சாம்பார் தெருமுனை வரை மணக்கும். அவர் கட்டிப் பெருங்காயம் போடுவார். நான் தூள் போடுகிறேன். தாளிக்கும்போது கடுகோடு சேர்த்துப் போட்டுவிடுவேன். மணமே வருவதில்லை. கொஞ்சம் கூடப் போட்டால் கசக்கிறது. கட்டிக்கு மாறிவிடலாமா? இன்னொன்று, என் பையனுக்குக் கோதுமை சேரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்களாமே, உண்மையா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஆமாம், பெரும்பாலான பெருங்காயத்தில் மாவு உண்டு. அது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதிக்கும் கலவைதான். பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் செடி. நாலைந்து வருடம் வளர்ந்த பிறகு, பூக்கும் முன்பாக, வேரின் தலையைச் சீவிவிடுவார்கள். வடிகிற பால் காய்ந்து பிசினாகும். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி சீவுவார்கள். இப்படி வாரக்கணக்கில் நடக்கும். நாம் இத்தனை பெருங்காயம் சாப்பிட்டும் அந்தச் செடி இங்கே பயிரானதில்லை. 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தார் முதல் நாற்றை நட்டார்கள். இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வரும் பிசின்தான்.

அந்தச் சுத்தப் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது. ஒரு மிளகளவு கூடிப்போனாலும் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போகும். கையில் ஒட்டும், அளக்கவும் வராது. அதனால் கம் அராபிக் என்ற பிசினையும் மைதா அல்லது அரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்து விற்கிறார்கள். டப்பாவில் 'காம்பவுண்டட்' என்று போட்டிருப்பது இதைத்தான். பெருங்காயப் பிசின் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவது சாராயத்தில் கரைகிற பகுதி. கூட்டுப் பெருங்காயத்தில் அது குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆக, நீங்கள் ஒரு ஸ்பூன் தூள் போடும்போது அதில் பெரும்பங்கு மாவையும் கம் அராபிக்கையும்தான் போடுகிறீர்கள்.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது கட்டியில். கட்டி என்றால் சுத்தம், தூள் என்றால் கலவை என்று நினைத்துக்கொள்கிறோம். கடையில் கிடைக்கும் கட்டியும் பெரும்பாலும் கலவைதான். அம்மாவின் சாம்பார் மணப்பதற்குக் காரணம் வேறு. கட்டியில் காற்று படும் பரப்பு குறைவு, அதனால் மணம் உள்ளேயே தங்குகிறது. அம்மா அதைக் கொதிக்கும் புளித்தண்ணீரிலோ எண்ணெயிலோ நிதானமாக விடுகிறார், அது மெல்லக் கரைந்து இறங்குகிறது. தூளுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது.

சரி, உங்கள் சாம்பார் கசப்பது ஏன்? கடுகு வெடிக்கிற சூட்டில் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும். அதில் தூள் விழுந்ததும் மாவு கருகிவிடுகிறது. பிசினுக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு, கருகிய மாவு அதோடு சேர்ந்துகொள்கிறது. மணமோ ஆவியாக வெளியே போய்விடுகிறது. அடுப்படி மணக்கும், சாம்பார் மணக்காது. மணம் போதவில்லை என்று நீங்கள் கூடப் போடப் போட, கசப்புதான் கூடும்.

இப்படிச் செய்து பாருங்கள். கடுகு வெடித்து, மிளகாயும் கறிவேப்பிலையும் பொரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் தூளைத் தூவுங்கள். மெல்லப் பொங்கி நுரைக்கும். பச்சைப் பூண்டு போல இருந்த நாற்றம், வதக்கிய வெங்காய மணமாக மாறுவது மூக்குக்கே தெரியும். அந்த நொடியிலேயே குழம்பில் கொட்டி மூடிவிடுங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்கள்தான் பெருங்காயத்திலும் மணம் தருகின்றன. வெங்காயம் பூண்டு தொடாத ஜைன வீடுகளில் பருப்புக்குப் பெருங்காயம் இல்லாமல் ஆகாது என்பதும் இதனால்தான். (நம் பக்கத்தில் சில வீடுகளில் திவசச் சமையலுக்குப் பெருங்காயத்தையும் விலக்குவார்கள். அது தனி வழக்கம்.)

நான்கு பேருக்கான சாம்பாருக்குக் கால் டீஸ்பூன் தூள் போதும். அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் புளித்தண்ணீர் கொதிக்கும்போதும் மறு பாதியைத் தாளிப்பிலும் போடுங்கள். முதல் பாதி குழம்புக்குள் ருசியாக இறங்கும், இரண்டாவது மேலே மணமாக நிற்கும். ரசத்துக்கும் இதே கணக்குதான். தாளிப்பு மட்டும் நெய்யில் இருக்கட்டும்.

கட்டிக்கு மாறுவது நல்ல யோசனை, ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புதுக் கட்டி மெழுகு மாதிரி இருக்கும்போதே துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி ஒரு தட்டில் போட்டு, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் போட்டு வையுங்கள். விட்டுவிட்டால் கல்லாகிவிடும், பிறகு சுத்தியல்தான். சாம்பாருக்கு அப்படி இரண்டு மூன்று துண்டு போதும்.

இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் கட்டியைப் பொரித்துத்தான் போட வேண்டும். இரும்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, தீயை நன்றாகக் குறைத்து, துண்டுகளைப் போடுங்கள். முதலில் ஓரத்தில் சிறு நுரை கட்டும். அப்புறம் ஒவ்வொன்றும் அப்பளப்பூ மாதிரி உப்பும். வெளியே பொன்னிறம் வந்ததும் எடுக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள், உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும். புரட்டிவிட்டு, கரண்டி நுனியால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் எடுக்கலாம். அழுந்தினால் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். தீ கூடினால் மேலே கருகி நடுவில் பச்சையாக நிற்கும், அந்த ஒரு துண்டே இட்லிப் பொடி முழுவதையும் கெடுத்துவிடும். பொரிந்ததை ஆறவிட்டு, கல்லுப்போடு சேர்த்து இடித்தால் மாவாகிவிடும்.

மோர், தட்டை, முறுக்கு இதற்கெல்லாம் பெருங்காயத் தண்ணீர்தான் சரி. ஒரு துண்டை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தால் போதும். தட்டை மாவில் தூளை அப்படியே தூவினால் ஓர் இடத்தில் கசக்கும், ஓர் இடத்தில் ஒன்றுமே இருக்காது. கரைத்த தண்ணீரை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். அதில் மாவு இருப்பதால் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அடியில் வண்டல் படிந்திருக்கும், கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

தூள் டப்பாவை அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். சூட்டில் மணம் சீக்கிரம் போய்விடும். பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பா மணக்கும் என்று சும்மா சொல்லவில்லை. டப்பாவை முகர்ந்து பார்த்துத் தூள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டு வெந்நீர் விட்டுத் தேய்த்து முகருங்கள். மூக்கில் ஏறவில்லை என்றால் அது வெறும் மாவு, புதிது வாங்கிவிடுங்கள். சிறிய டப்பாவாக வாங்குவதே நல்லது.

இனி பையன் விஷயம். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். கோதுமை ஆகாத குழந்தைக்குக் கால் டீஸ்பூன் தானே என்று விட முடியாது. டப்பாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் கோதுமை மாவு, மைதா என்ற இரண்டு பெயரும் இல்லாததைப் பாருங்கள். அரிசி மாவில் செய்தவை கிடைக்கின்றன. அதிலும் 'குளூட்டன் ஃப்ரீ' (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாதது) என்று தெளிவாக அச்சிட்டதையே எடுங்கள், ஒரே ஆலையில் இரண்டு மாவும் அரைபட வாய்ப்பு உண்டு. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் கட்டியை வாங்கவே வேண்டாம், அதில் என்ன மாவு என்று கடைக்காரருக்கும் தெரியாது. கடையில் வாங்கும் சாம்பார் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றிலும் பெரும்பாலும் பெருங்காயம் இருக்கும், அந்தப் பட்டியலையும் படியுங்கள். ஹோட்டலில் இட்லி அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பிக் கொடுப்போம், கூட வரும் சாம்பாரில் கோதுமை வந்துவிடும். வெளியே போகும் நாளில் அவனுக்கென்று வீட்டுப் பொடியும் எண்ணெயும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள்.