கணினி கேள்வி-பதில்: கிளீனரும் வேண்டாம், பாமினியும் வேண்டாம்

கே: என் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது. நல்ல கிளீனர் ஒன்று சொல்லுங்கள். (சேலம்)

ப: எந்த விண்டோஸ், எவ்வளவு ரேம், சேமிப்பு வட்டு பழைய ஹார்டு டிஸ்க்கா, வேகமான எஸ்எஸ்டியா? ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? சரி, பொதுவாகச் சொல்கிறேன்.

கிளீனர் எதுவும் வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் பிழை என்று சிவப்பில் காட்டுவதெல்லாம் வியாபாரம். அந்த ஆயிரத்தையும் நீக்கினாலும் வேகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. பேர்பெற்ற சிகிளீனரிலேயே 2017இல் யாரோ கை வைத்து, அதன் அதிகாரபூர்வப் பதிப்போடு சேர்ந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குத் தீநிரல் போய்ச் சேர்ந்தது. முறையாக இறக்கியவர்களுக்கே அந்தக் கதி.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். உள்ளே இன்னும் ஹார்டு டிஸ்க்தான் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500. சின்னச் சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. அந்த ஒரு செலவுக்கு முன்னால் எந்த மென்பொருளும் நிற்காது.

கே: விஎல்சி ஒன்றே போதுமா, கோடெக் பேக் தனியாகப் போட வேண்டுமா?

ப: விஎல்சி போதும். வீடியோவை ஓட்டத் தேவையான கோடெக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கோடெக் பேக் காலம் மலையேறிவிட்டது.

கே: கோப்புகளைச் சுருக்கும் வின்ரார், 40 நாள் இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று தினமும் சொல்கிறது. பூட்டிவிடுமா? (நாகர்கோவில்)

ப: பூட்டாது. பல வருடமாக இப்படித்தான் மிரட்டுகிறது. பாவம், நல்ல மென்பொருள். காசு கொடுக்க மனமில்லை என்றால் 7-ஜிப் போடுங்கள். இகோர் பாவ்லோவ் 1999 முதல் இலவசமாகத் தந்துகொண்டிருப்பது. ரார் கோப்பையும் பிரிக்கும். புதிய விண்டோஸ் 11 என்றால் ரார், 7இசட் இரண்டையும் தானே திறக்கும். 7-ஜிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கும். பெரிய பச்சை டவுன்லோட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

கே: தேர்வு விண்ணப்பத்துக்கு போட்டோ 50 கேபிக்குள் கேட்கிறார்கள். என் போட்டோ 4 எம்பி. என்ன செய்வது?

ப: இர்ஃபான்வியூ. 1996 முதல் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். படத்தைத் திறந்து முகம், தோள் மட்டும் இருக்கும்படி வெட்டுங்கள். கன்ட்ரோல்+ஆர் அழுத்தி அகலத்தை 300 பிக்ஸலுக்குக் கொண்டுவாருங்கள். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 80க்கு இறக்குங்கள். 50க்குள் வந்துவிடும். வராவிட்டால் 70. ஒரிஜினல் படத்தின் மேலேயே சேமித்துவிடாமல் வேறு பெயர் கொடுங்கள்.

கே: ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க ஒரு வெப்சைட் பயன்படுத்துகிறேன். நன்றாக இருக்கிறது. வேறு நல்லது உண்டா? (திருப்பூர்)

ப: ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே கட்டாக, ஊர் பேர் தெரியாத சர்வருக்கு அனுப்பிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிஎஃப்சாம் பேசிக் உங்கள் கணினிக்குள்ளேயே இணைத்துத் தரும். இணையத்தைத் துண்டித்துவிட்டுக்கூட வேலை செய்யலாம்.

கே: நண்பர் அனுப்பிய வேர்டு கோப்பு என் லேப்டாப்பில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கிறது. வைரஸா? கோப்பு கெட்டுவிட்டதா? எங்கள் சங்க மலருக்காக அவர் அடித்த கட்டுரை. (கோலாலம்பூர்)

ப: வைரஸும் இல்லை, கெடவும் இல்லை. உங்கள் நண்பர் பாமினியில் அடித்திருக்கிறார். இந்தக் கடிதம் மாதம் ஒன்றாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்கள் கணினியை ஏமாற்றி வேலை செய்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. "தமிழ்" என்று பாமினியில் அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் வேஷம் கலைந்து இந்த ஐந்தும் பல்லை இளிக்கும். கன்ட்ரோல்+எஃப் போட்டுத் தமிழில் தேடினால் அகப்படாது. அகரவரிசையில் அடுக்க முடியாது. போனில் திறந்தால் குப்பை.

90களில் வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள்: டிஸ்கி, டாம், டாப், பாமினி. ஆனால் விண்டோஸ் 2000இலேயே எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் லதா என்ற எழுத்துரு வந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றும் அச்சகத்தில் "பாமினியில் கொடுங்கள் சார், அதுதான் எங்களுக்கு வசதி" என்கிறார்கள். காரணம் கேட்டால், பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள்.

பட்டவன் என்பதால் சொல்கிறேன். 2002இல் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக 200 பக்கம் போல அடித்துக் கொடுத்தேன். அவர்கள் தங்களுக்கென்று செய்துவைத்திருந்த எழுத்துரு. பதிப்பகமும் போயிற்று, எழுத்துரு இருந்த சிடியும் பூத்துவிட்டது. கோப்பு மட்டும் இன்றும் பத்திரமாக இருக்கிறது, ஒரு வரிகூடப் படிக்க முடியாமல்.

உங்கள் நண்பர் கோப்புக்கு வழி உண்டு. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் பழைய மென்பொருள்தான், ஆனாலும் பாமினி, வானவில், டாம், டாப் எல்லாவற்றையும் யூனிகோடாக்கும். ஒரு எச்சரிக்கை: கட்டுரையில் இடையிடையே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடும். "ஃபைல்" என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் "கடைந" என்று வந்து நிற்கும். பத்தி பத்தியாக மாற்றி ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். மாற்றும் முன் மூலக் கோப்பை வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

நண்பருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும், எதையும் இறக்க வேண்டாம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி முடிவானது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. "அம்மா" அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. புள்ளி தானாக விழும். ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பாமினி பக்கம் திரும்ப மாட்டார். பழைய தட்டச்சு முறை கையை விட்டுப் போகாதவர்கள் அதே விசை அமைப்பில் யூனிகோடு அடிக்கவும் இகலப்பை, அழகி போன்றவை இருக்கின்றன. ஆகவே சாக்கு எதுவும் இல்லை.

கே: பேத்தி பிறந்தநாள் படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். மீட்க முடியுமா? (தஞ்சாவூர்)

ப: எதில் இருந்தன என்பதைப் பொறுத்தது. ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு என்றால் வாய்ப்பு உண்டு. முதலில் அந்த வட்டில் எதையும் புதிதாக எழுதாதீர்கள். மீட்கும் மென்பொருளையே அதில் நிறுவி, படங்கள் இருந்த இடத்தை அதைக் கொண்டே அடைத்தவர்களை எனக்குத் தெரியும். வேறு கணினியில் ரெகுவாவோ போட்டோரெக்கோ போட்டு, அதோடு இந்த வட்டை இணைத்துத் தேடுங்கள். போட்டோரெக் கோப்புப் பெயரை மீட்காது, படத்தை மீட்கும். ஆயிரம் படத்தில் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் அழிந்தது என்றால் அநேகமாகப் போனதுதான். அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். பார்ட்டிக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள், வேலை சுலபம்.

இனியாவது வேறு வட்டில் ஒரு நகல். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கே: 2015இல் வாங்கிய ஐ3, ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. தூக்கிப் போட வேண்டியதுதானா? (மதுரை)

ப: இப்படிக் கேட்டால் பதில் சொல்ல எவ்வளவு சுகமாக இருக்கிறது! தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான் ஏறும். ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, பிரிண்டர், சவுண்டு மூன்றும் வருகிறதா என்று சோதித்துவிட்டு நிறுவுங்கள். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும். வீட்டில் யாராவது டேலியில் கணக்குப் போடுகிறார்கள் என்றால் மட்டும் யோசியுங்கள், அது விண்டோஸுக்கானது. நிறுவும் முன் வேறு வட்டில் நகல், மறந்துவிடாதீர்கள்.

கே: கடைக்காரர் போட்டுத் தந்த போட்டோஷாப், "ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் ஓடும்" என்கிறது. நிறுத்தலாமா?

ப: வீட்டுக்குள் வர வேண்டுமானால் நாயை அவிழ்த்து வெளியே விடு என்று ஒருவன் சொன்னால் விடுவீர்களா? அழித்துவிட்டு, படம் திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் போடுங்கள்.

கே: கோப்பை எங்கே வைத்தேன் என்று தேடுவதிலேயே பாதி நாள் போகிறது.

ப: எவ்ரிதிங் என்ற மென்பொருள். பெயரில் மூன்று எழுத்து அடிப்பதற்குள் காட்டிவிடும். பெயரைத்தான் தேடும். கோப்புக்கு "நியூ டாக்குமென்ட் 14" என்று பெயர் வைத்திருந்தால் அதனாலும் முடியாது.

கே: பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன். மகன் திட்டுகிறான்.

ப: மகன் என்ன செய்கிறார்? எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா? அப்படியானால் உங்கள் பீரோவே மேல். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேண்டும் என்றால் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் பிட்வார்டன் அல்லது கீபாஸ். அதன் தலைமைப் பாஸ்வேர்டை அதே நோட்டில் எழுதி அதே பீரோவில் வையுங்கள்.