யார் முதுகு வளைகிறது?

கேள்வி: பழைய ஐரோப்பிய அரண்மனை ஓவியங்களைப் பார்த்தால் பட்டும் சரவிளக்கும்தான் என் கண்ணில் படுகின்றன. யார் பெரியவர், யார் சின்னவர் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: சரவிளக்கை விடுங்கள். யார் முதுகு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். 1656-இல் ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதில் இருப்பது ஸ்பெயின் அரண்மனையின் ஓர் அறை. ஆனால் மேல்பாதி வெறும் இருட்டு. கூரையில் விளக்கு மாட்டக் கொக்கிகள் உண்டு, விளக்கு இல்லை!

நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரிட்டா. சின்னச் சிவப்பு மண்குவளையைத் தட்டில் வைத்து நீட்டி, ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள். அவள் வேலைக்காரி இல்லை, பிரபு வீட்டுப் பெண். குழந்தையின் கை குவளைக்குப் போகிறது, கண் போகவில்லை. கொடுப்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ராஜாவும் ராணியும் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

இடதுபக்கம் தூரிகையோடு நிமிர்ந்து நிற்பவர் ஓவியரே. இடுப்பில் அரண்மனைச் சாவி. எனக்குப் பிடித்த இடம் இது. 1628-இல் இவருக்கு ஒதுக்கிய தினப்படி, அரண்மனை நாவிதர்களுக்கு அளந்த அதே படி. கைவேலை செய்து காசு வாங்குகிறவரைக் கனவானாக ஏற்காத காலம். இவரோ பிரபுக்கள் சேரும் சாந்தியாகோ வீரர் சபையில் சேர ஆசைப்பட்டார். 'இவர் படம் விற்றுப் பிழைத்தவர் அல்ல' என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். (வேறு எதை விற்றாராம்?) கடைசியில் போப்பாண்டவரின் விதிவிலக்கும் தேவைப்பட்டது. 1659-இல்தான் கிடைத்தது. மார்பில் தெரியும் சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம், படம் முடிந்த பிறகு தீட்டியது.

அப்புறம், வலதுபக்க நிழலில் நிற்கும் காவலரையும் பாருங்கள். 1724-இல் பலோமினோ என்பவர் இந்தப் படத்தில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். நாயின் மேல் காலை வைத்திருக்கும் குள்ளருக்குக்கூடப் பெயர் உண்டு. இந்தக் காவலருக்கு மட்டும் உத்தியோகத்தோடு சரி.

கேள்வி: ராஜ குடும்பமே கேட்டு வரைந்து, பிறகு பிடிக்காமல் போன படம் உண்டா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: உண்டு. இங்கிலாந்து ராணி சார்லட் 1772-இல் ஜொஃபனி என்ற ஓவியரை இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்கு அனுப்பி, உஃபிஸி மாளிகையில் ஓவியங்களும் சிலைகளும் வைத்திருந்த ட்ரிபூனா அறையை வரைந்து வரச் சொன்னார். அவரோ அங்கே ஊர் பார்க்க வந்திருந்த இங்கிலாந்துக் கனவான்களையெல்லாம் உள்ளே நுழைத்து, தன்னையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொண்டார். தன் அறைகள் எதிலும் அதை மாட்ட ராணி விடவில்லை. எனக்கென்னவோ ராணி பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. ஜொஃபனி 1783-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். லக்னோவில் நவாபும் ஆங்கிலேயரும் நெருக்கியடித்துச் சேவல்சண்டை பார்ப்பதை வரைந்தார்.