முதல் முறையாக வீட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடுகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, பாலிசி இருக்கிறது, இதுவரை க்ளெய்ம் போட்டதில்லை என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர், எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லவில்லை. தரைத்தள வீடு, ஹோம் லோன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நானே வைத்துக்கொள்கிறேன், எங்கள் நிலைமை அதுதான் என்பதால். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இன்னும் வீட்டைக் கழுவாதீர்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

எங்கள் வீடு சென்னைத் தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில். 2023 டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை விடாமல் கொட்டியது. வாசலில் மணல் மூட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தோம். 4ஆம் தேதி விடியற்காலை தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, கழிவறை வழியாகப் பொங்கி வந்தது. இரண்டு மணி நேரத்தில் இடுப்பளவு. கணவருக்கு ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட், வர வழியில்லை. நானும் மகளும் மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். மறுநாள் படகு வந்தது. பெருங்களத்தூரில் நாத்தனார் வீட்டில் மூன்று நாள்.

8ஆம் தேதி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சாக்கடை கலந்த தண்ணீர். மாமியார் வந்து பார்ப்பதற்குள் வீடு வீடாக இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கும் நாத்தனாருக்கும். இரண்டு நாள் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். மூன்று மெத்தை, ஊறிப் பிளந்த ப்ளைவுட் கட்டில், அலமாரிக் கதவுகள், அரிசி மூட்டை, மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், எங்கள் கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் தெருமுனையில் போட்டோம். குப்பை லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

10ஆம் தேதிதான் கணவரின் கூட வேலை செய்பவர், "லோன் வாங்கும்போது வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பார்களே" என்று ஞாபகப்படுத்தினார். மறுநாள் வங்கிக்குப் போய்க் கேட்டால், அது லோன் வாங்கியவர் இறந்தால் மீதியைக் கட்டுகிற பாலிசி, வெள்ளத்துக்கு வராது என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தேன். ஆனால் பரண்மேல் இருந்த லோன் ஃபைலை இறக்கிப் பார்த்தால் பாலிசி இரண்டு இருந்தது. ஒன்று அவர்கள் சொன்ன ஆயுள் பாலிசி. இன்னொன்று வீட்டுக்கானது, பாரத் கிருஹ ரக்ஷா. நாங்கள் வீடு வாங்கியது 2021 ஆகஸ்டில். அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே மாதிரி வாசகத்தோடு கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பாலிசி இது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் உண்டு. கட்டடத்தோடு உள்ளிருக்கும் பொருள்களுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், தனியாகப் பட்டியல் கொடுக்காமலே பொருள்களுக்குப் பாதுகாப்பு. எங்கள் கட்டடத் தொகை 22 லட்சம். அப்படியென்றால் பொருள்களுக்கு 4,40,000 வரை. இதை எங்களிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதனால் உங்கள் பாலிசியின் முதல் இரண்டு பக்கத்தை நீங்களே படியுங்கள். கட்டடம் மட்டுமா, பொருள்களும் உண்டா என்று அதில் தெளிவாக இருக்கும். நகையும் பணமும் இதில் வராது. நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும், ரொக்கத்துக்கு அதுவும் கிடையாது. காருக்கும் வண்டிக்கும் அதனதன் பாலிசியில்தான் கேட்க வேண்டும்.

அன்று மாலையே பாலிசியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்தோம். அந்த க்ளெய்ம் எண்ணைச் சுவர் காலண்டரில் எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். அவர் கம்பெனியின் ஊழியர் இல்லை, உரிமம் பெற்ற தனி ஆள். சேதம் எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்வதற்காகக் கம்பெனி அனுப்புகிறது. வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, கட்டில் எங்கே? மெத்தை எங்கே?" என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டோம் என்றேன். "தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது?" என்றார். சுவரில் காட்டப் போனால் கோடே இல்லை, நான்தான் தேய்த்து எடுத்திருந்தேனே. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

அவர் நல்ல மனிதர். பீரோவை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் நாங்கள் கழுவாத சுவரில் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. டேப் வைத்து அளந்தார், 3 அடி 4 அங்குலம். அப்புறம் என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். எதிர்வீட்டு மாடிக்குப் போவதற்கு முன் தோழிக்கு அனுப்பியது. ஹாலில் காஸ் சிலிண்டர் மிதக்கிறது, பின்னால் கட்டிலும் மெத்தையும் தெரிகின்றன. 19 விநாடி. அந்த வீடியோவால்தான் பொருள் கணக்கில் பாதியாவது நின்றது.

ஃபிரிட்ஜ் கதை தனி. ஓடுகிறதா பார்க்கலாம் என்று உறவுக்காரத் தம்பி ஸ்விட்சைப் போட்டுவிட்டான். புகை வந்தது. அது வெள்ளத்தால் போனதா, ஷார்ட் சர்க்யூட்டால் போனதா என்று கம்பெனியிலிருந்து கேட்டுக் கடிதம் வந்தது. மின்கோளாறில் அந்த இயந்திரத்துக்கே வரும் சேதத்தை இந்தப் பாலிசியில் கொடுக்க மாட்டார்கள். சர்வீஸ் சென்டரில் கம்ப்ரஸர் இருக்கும் பகுதியில் தண்ணீரும் சேறும் இருந்தன என்று எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஏற்றார்கள். நனைந்த எதையும் நீங்கள் ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். காயலான் கடைக்கும் போடாதீர்கள். சர்வேயர் பார்த்து, பழைய சாமானுக்கு ஒரு விலை வைத்துக் கழித்துக்கொள்வார். அவர் சரி என்று சொன்ன பிறகு விற்றுக்கொள்ளலாம்.

கொத்தனாரிடமும் பெயின்டரிடமும் எஸ்டிமேட் வாங்கும்போது மொத்தமாக "வீடு ரிப்பேர் 1,20,000" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்த அறை, எத்தனை சதுர அடி, பூச்சுக்கு எவ்வளவு, பட்டி பார்க்க எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் எஸ்டிமேட் இதனால்தான் திரும்பி வந்தது. பில் இல்லாத பொருளுக்கு வங்கிக் கணக்கு விவரம், கடையில் பதிவாகியிருக்கும் போன் எண், பழைய பிறந்தநாள் படங்களில் பின்னால் தெரியும் டிவி, எது கிடைத்தாலும் கொடுங்கள்.

நாங்கள் கேட்டது 3,12,000. கிடைத்தது 1,94,000. பணமும் நேராக எங்கள் கைக்கு வரவில்லை. லோன் இருப்பதால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுக்காமல் நம் கணக்குக்குப் பணம் வராது. வெள்ளத்துக்கு வராது என்று சொன்ன அதே கிளைக்கு அந்தக் கடிதத்துக்காக ஏழு முறை நடந்தேன். சர்வேயர் வரும் நாளிலேயே இந்தக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே சிலர் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். அரசு கொடுத்த 6,000 ரூபாயும் வாங்கினீர்கள், இன்சூரன்ஸும் வாங்கினீர்களா என்று. ஆமாம், வாங்கினோம். அது ரேஷன் கார்டுக்கு அரசு தந்த நிவாரணம், இது நாங்கள் பிரீமியம் கட்டி எடுத்த பாலிசி. பக்கத்தில் ஒருவர், பரண்மேல் பத்திரமாக இருந்த பொருளையும் சேர்த்து எழுதுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். ஒரு கரண்டிகூடக் கூட்டி எழுதவில்லை. நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஒரு பொருள் பொய் என்று தெரிந்தால் மொத்த க்ளெய்மையும் நிராகரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஏரியில் வீடு வாங்கினால் தண்ணீர் வரத்தான் செய்யும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டா பார்த்து, வரைபட அனுமதி பார்த்து, வங்கி வக்கீல் பார்த்துத்தான் வாங்கினோம். எங்களுக்கு விற்றவர் 2003இல் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசல். இன்று ஒரு படி இறங்க வேண்டும். வீடு தாழவில்லை, தெரு உயர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை விட்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் பழைய தார்மேலேயே ஊற்றினார்கள். வாசலில் நின்று கேட்டேன், மேலே சொல்லுங்கள் என்றார்கள். மனு கொடுத்தேன், பதில் இல்லை. வீட்டைத் தூக்கி நிறுத்த ஜாக்கி வைக்கிறவர்கள் சொல்லும் தொகை எங்கள் சக்திக்கு மேல்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, சென்னைக்கான அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. எங்களுக்கு முதலில் பொருள்களுக்கு ஒன்றும் கிடையாது என்றுதான் மின்னஞ்சல் வந்தது. விட்டுவிடலாம் என்றார் கணவர். நான் விடவில்லை. பாலிசியில் அந்த 20 சதவீத வரியைக் குறிப்பிட்டு, வீடியோவை இணைத்து, குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பதினெட்டாம் நாள் மாற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் ஏற்கெனவே கழுவிவிட்டீர்கள் என்றாலும் க்ளெய்மைப் பதிவு செய்யுங்கள். பீரோவுக்குப் பின்னால், கிச்சன் மேடைக்குக் கீழே, கதவுநிலையின் உள்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு இருக்கும். ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்டரை இன்னும் கூப்பிடாதீர்கள்.