வீட்டு நீச்சல் குளத்தின் விளிம்புக்கு எந்த இயற்கைக் கல் பொருந்தும்?

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உங்கள் வீட்டின் பின்புறத்தில் உப்புநீர்க் குளோரினேட்டருடன் (நீரில் கரைத்த உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி) நீச்சல் குளம் அமைப்பதாகவும், அதன் விளிம்புக்குக் கடப்பா, கோட்டா, மணற்கல், கிரானைட் ஆகியவற்றுள் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஃபிளேம்டு ஃபினிஷ் (தீச்சுடரால் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு) செய்த வெளிர்சாம்பல் கிரானைட்டையே நான் பரிந்துரைப்பேன்.

கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை. அமிலம் பட்டால் அரிக்கப்படுபவை. உப்புநீர்க் குளோரினேட்டர் இயங்கும் குளத்தில் நீரின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்க அவ்வப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும். ஊற்றும்போது விளிம்பில் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் இந்தக் கற்களில் மங்கிய தழும்பாகப் பதிந்துவிடும். கருங்கடப்பாவுக்கு இன்னொரு குறையும் உண்டு: சித்திரை வெயிலில் அதன் மீது வெறுங்காலை வைக்க இயலாது.

மணற்கல் காலுக்கு இதமானது, பார்வைக்கும் அழகானது. ஆயினும் அதன் நுண்துளைகளில் புகும் குளத்து நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கிறது. நனைவதும் காய்வதும் ஓயாமல் நிகழும் விளிம்பில், நீர் ஆவியான பின் அந்த உப்பு துளைகளுக்குள்ளேயே படிகமாகி, கல்லின் மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் அதனோடு சேர்ந்துகொள்ளும். கடலிலிருந்து விலகிய ஊரில், சாதாரணக் குளோரின் குளத்துக்கு, சீலர் (நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசிப் பராமரிக்கும் பொறுமை உள்ளவருக்கு நான் மணற்கல்லை மறுக்க மாட்டேன்.

கிரானைட் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும். அமிலத் தெறிப்பையும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பாலிஷ் செய்த கிரானைட் ஈரத்தில் வழுக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். கடும் தீச்சுடரைக் காட்டும்போது மேற்பரப்பிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் விரிந்து தெறிப்பதால் உண்டாகும் சொரசொரப்பே ஃபிளேம்டு ஃபினிஷ். பெங்களூருவை அடுத்த சாதரஹள்ளியின் சாம்பல் கிரானைட் இதற்கு ஏற்றது. விளிம்பின் மூக்குப் பகுதியை மட்டும் அரைவட்டமாக உருட்டி வழவழப்பாக்கச் சொல்லுங்கள். நீந்துபவர்கள் கை பற்றும் இடம் அதுதான். 30 மில்லிமீட்டருக்குக் குறைந்த கனம் வேண்டாம். மெல்லிய இரு பலகைகளை ஒட்டிக் கனமாகக் காட்டினால், ஒட்டுக்கோடு நாளடைவில் பிளக்கக்கூடும்.

கல் கடைகளில் நீர் தெளித்துத்தான் நிறம் காட்டுவார்கள். காய்ந்த நிறத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, நண்பகல் வெயிலில் கிடத்தி வெறுங்காலுடன் நின்று பாருங்கள். பிறகு அதையே உப்புநீரில் பல முறை நனைத்துக் காயவைத்தால், கல்லில் இரும்புத் தாது இருக்குமானால் துருப்புள்ளிகள் தலைகாட்டக்கூடும்.

பதிக்கும்போது விளிம்புக் கல்லுக்கும் சுற்றுத் தளத்துக்கும் இடையிலான இணைப்பைச் சிமெண்ட் கொண்டு அடைக்க மேஸ்திரியை அனுமதிக்காதீர்கள். குளத்தின் சுவரும் தளமும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் அசைவதால், பாலிசல்ஃபைடு போன்ற நெகிழும் சீலன்டே (இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) அங்கு நிற்கும். தளத்தின் சரிவு குளத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். இல்லையேல் மழைநீரும் மண்ணும் குளத்துக்குள்தான் வந்து சேரும்.