பாட்டி காலடியில் பாலாறு: குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, அவள் படிப்பு பற்றிக் கேட்க சத்துவாச்சாரிக்கு என்னிடம் வந்தீர்கள். "போட்டோ எடுக்கிறா, அதுமேலயே கம்ப்யூட்டர்ல வரையுறா. இதெல்லாம் ஒரு படிப்பா சார்? சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். வெளியே நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மகள் காட்டிய அந்தப் படம். பாட்டி பாலாற்று மணலில் உட்கார்ந்திருக்கிறார். அது போனில் எடுத்த போட்டோ. காய்ந்து கிடக்கும் ஆற்றில் உங்கள் மகள் தண்ணீரை வரைந்து ஓடவிட்டிருக்கிறாள். பாட்டியின் கணுக்கால் வரை தண்ணீர். புடவை ஓரம் நனைந்து, அந்த இடத்தில் மட்டும் நிறம் அடர்ந்திருக்கிறது. நனைந்த துணி கறுக்கும் என்று எந்த சாஃப்ட்வேரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, துணி துவைக்கும்போது பார்த்து வைத்திருக்கிறாள். நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவளாகச் சொன்னாள்: "சார், பாட்டி நிழல் வலப்பக்கம் விழுது. தண்ணி மினுக்கத்தையும் நான் அங்கேயே போட்டுட்டேன். வெயில் இருக்கிற பக்கம்தானே மினுக்கணும்?" பாராட்டு வாங்கும் நேரத்தில் தன் தப்பைத் தானே எடுத்துக் காட்டும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தத் துறைக்கு அந்தக் கண்தான் முதல்.

வீட்டில் அப்பா இதைப் புதுப் பைத்தியம் என்கிறாராம். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். 1857, 1858 வாக்கில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் கேப்டன் மதுரை, தஞ்சாவூர் கோயில்களையெல்லாம் படம் எடுத்தார். அப்போது காகித நெகட்டிவ்தான், அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதியும் மூலப்படம். நீல வெளிச்சம் அதில் அளவுக்கு மீறிப் பதியும். அச்சுப் போட்டால் வானம் வெறும் வெள்ளையாக வரும். அவர் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார், மர இலைகளைத் திருத்தினார். போட்டோவும் ஓவியமும் நம் மண்ணிலேயே கைகோத்து 165 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்களைப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் மகள் அதையே பேனா டேப்லெட்டில், அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையில் செய்கிறாள்: அடியில் போட்டோ, அதன்மேல் லேயர் லேயராக, அடுக்கடுக்காக நிறம்.

சரி, படிப்புக்கு வருவோம். ஆறு மாதப் போட்டோஷாப் கோர்ஸ் ஒன்றின் நோட்டீஸைக் காட்டினீர்களே, அதில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில வருஷம் முன்பு இதே போன்ற ஒரு தனியார் மையத்துக்கு நானே ஒரு பையனை அனுப்பினேன். மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். வரையச் சொல்லி ஒருநாளும் பென்சிலைக் கையில் கொடுக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் முகத்தை வெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. அதைத் தாண்டி அவனால் நகர முடியவில்லை. பேக்ரவுண்டு மாற்றுவது, முகத்தை டச்சப் செய்வது போன்ற வேலைகளை இப்போது ஏஐ நொடியில் செய்துவிடுகிறது. அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

என் யோசனை, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பெரியமேட்டில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாலு வருஷம், பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளநிலைப் பட்டம். ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் (விளம்பரம், புத்தகம் போன்றவற்றுக்கான காட்சி வடிவமைப்பு) எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மகளுக்கு விஷுவல் கம்யூனிகேஷன் பொருந்தும், ஓவியம் கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தது இதற்குத் தடை இல்லை. ஆனால் மார்க்கை மட்டும் வைத்து உள்ளே போக முடியாது, வரைந்து காட்ட வேண்டும். கும்பகோணத்திலும் அரசுக் கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அதற்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம் படிக்க யூசீட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு, எந்த குரூப்பும் எழுதலாம், அதிலும் வரைதல் பகுதி இருக்கிறது. எழுதிப் பார்க்கட்டும், ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் கல்லூரியில் சேர்ந்ததும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். தங்குவதற்கு அரசு நலத்துறை விடுதிகள் இருக்கின்றன, சேரும்போதே மனு கொடுத்துவிடுங்கள். கேமரா இப்போது வேண்டாம். திரை இல்லாத சின்ன பேனா டேப்லெட் ஒன்று போதும். கிரிட்டா என்ற சாஃப்ட்வேர் இலவசம், வரைவதற்கு நன்றாகவே இருக்கும்.

வேலை? விளம்பரப் பட ரீடச்சிங் (எடுத்த படத்தைத் திருத்தி மெருகேற்றுவது), புத்தக அட்டை, விளையாட்டுகளுக்கான காட்சி ஓவியம், அப்புறம் சினிமாவில் மேட் பெயின்டிங். இல்லாத கோட்டையை, மலையை, ஊரையே போட்டோவும் ஓவியமும் கலந்து உருவாக்குவதுதான் மேட் பெயின்டிங். உங்கள் மகள் பாலாற்றில் செய்தது அதேதான். முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் கையைக் கடிக்கும், அதை மறைக்க மாட்டேன். கை தேறியவர்களை நிறுவனங்கள் தேடிப் பிடிக்கின்றன என்பதும் உண்மை.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அந்தப் படத்தில் மேகம் இன்டர்நெட்டில் எடுத்தது என்றாள். எடுத்தவருக்குத்தான் அதன் காப்புரிமை. நம் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 வருஷமும். மேகத்துக்கா பஞ்சம்? பாலாற்றுப் பாலத்தில் நின்று அவளே எடுக்கட்டும். இன்னொன்று, கடையில் பிரின்ட் போட்டபோது படம் ஏன் கலங்கிப்போனது என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஏ3 தாளில் தெளிவாக விழ 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். பென் டிரைவில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலூர்க் கோட்டைக்கு இருவரும் வாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்கள் இருக்கின்றன. காலை வெயில் ஏற ஏற அவற்றின் நிழல் எப்படி நகர்கிறது என்று அவள் வரைய வேண்டும், அரை மணிக்கு ஒன்றாக நாலு படம். நோட்டும், கறுப்பாக விழும் மென்மையான 4பி பென்சிலும் போதும். போன் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.