போர்வெல் மோட்டார் கருகியதற்கு வெக்டர் டிரைவ் மருந்தாகுமா?

கேள்வி: பல்லடம் அருகே எங்கள் தென்னந்தோப்பில் 10 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் 850 அடியில் இறங்கியிருக்கிறது. தண்ணீர் 650 அடியில் நிற்கிறது. ஊற்று குறைந்ததால், கடைக்காரர் சொன்னபடி விஎஃப்டி (மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வாங்கி, வழக்கமான 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் ஓட்டினோம். நான்கே மாதத்தில் காயில் கருகிவிட்டது. வெக்டர் கன்ட்ரோல் டிரைவாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். மாற்றலாமா? இழப்பீடு கேட்க வழி உண்டா?

பதில்: மாற்ற வேண்டாம். மோட்டாரின் கரண்டைக் காந்தப் புலத்துக்கான பங்கு, முறுக்குவிசைக்கான பங்கு என இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஆள்வதுதான் வெக்டர் கன்ட்ரோல். கிரேன், லிஃப்ட் போல மெதுவாகச் சுற்றும்போதும் முழு விசை வேண்டிய இடங்களில் அதற்குக் கொடுக்கும் பணம் தகும். பம்புக்கு, வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் சேர்த்து ஏற்றி இறக்கும் சாதாரண முறையே போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த 40 ஹெர்ட்ஸ்தான். பம்பு நீரை ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 950 அடி ஏற்றும் பம்பு, 45-இல் ஏறத்தாழ 770 அடியும் 40-இல் 608 அடியும்தான் ஏற்றும். உங்கள் பம்பும் அந்த அளவினதாக இருந்தால், 650 அடி ஆழத்து நீர் மேலே வந்தே இருக்காது. மோட்டாரைக் குளிர்விக்க வேண்டிய நீரோட்டமும் நின்று, அது சூட்டிலேயே வெந்திருக்கும். பம்போடு வந்த அட்டவணையில் டிஸ்சார்ஜ் (வெளியேறும் நீரின் அளவு) சுழியாகும் உயரத்தைப் பார்த்து, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணம் கேபிளின் நீளம். டிரைவ் அனுப்புவது வழுவழுப்பான அலை அன்று. 415 வோல்ட் சப்ளையில் சுமார் 580 வோல்ட் உயரமுள்ள துடிப்புகள், மைக்ரோ வினாடிக்கும் குறைவான நேரத்தில் எழுகின்றன. 850 அடி, அதாவது 260 மீட்டர் கேபிளின் முனையில் அவை எதிரொலித்து இரு மடங்கு வரை உயர்வதால், காயிலின் முதல் சில சுற்றுகளே அந்த அடியை வாங்குகின்றன. வைண்டிங் கடையில் காயிலை அறுத்தெடுக்கும் முன் அருகில் நின்று பாருங்கள்: மற்றச் சுற்றுகள் புதிதுபோல் இருக்க, ஓரிடத்தில் மட்டும் குண்டூசித் துளைபோலப் பொசுங்கியிருந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் துடிப்பே காரணம், எல்லாக் காயிலும் ஒரே சீராக உருகியிருந்தால் சூடு. எதுவானாலும் படம் எடுத்து வையுங்கள்.

ஆகவே செலவழிப்பதாக இருந்தால், டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் பொருத்தி, அந்தத் துடிப்புகளை வழுவழுப்பான அலையாக்கும் சைன் ஃபில்டருக்குச் செலவழியுங்கள். கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் அந்தத் துடிப்புகளை அனுப்பும் வேகம்) அந்த ஃபில்டருக்கு உரிய அளவில் வைத்து, நீர் மேலே வரத் தேவையான மோட்டார் வேகத்துக்குக் கீழே இறங்காதபடி குறைந்தபட்ச ஃப்ரீக்வென்சியைப் பூட்டிவிடச் சொல்லுங்கள். ஊற்று போதாத நேரத்தில் வேகத்தைக் குறைப்பதைவிட, டிரை ரன் பாதுகாப்போடு (நீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) விட்டுவிட்டு ஓட்டுவதே உங்கள் ஆழத்துக்கு ஏற்றது. மின் சிக்கனக் கணக்கைக் காட்டினால் மயங்காதீர்கள். உங்களுடையது இலவச விவசாய இணைப்பு என்றால் அதனால் உங்கள் கைக்கு எதுவும் வராது.

இழப்பீடு கேட்கலாம். வணிகத்துக்கு வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்றாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோரே. கேபிள் நீளத்தைச் சொல்லியும் ஃபில்டர் தேவை என்று கடைக்காரர் எச்சரிக்கவில்லை என்பதே உங்கள் வாதத்தின் உயிர். அந்த நீளம் பில்லிலோ கொட்டேஷனிலோ எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். முதலில் கடைக்கு எழுத்துமூலம் கேளுங்கள், பின்பு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.